இறக்காத கை

புது நாட்டுக்கு அரசியல் சட்டம் எழுதுவதற்காகக் கூடிய சபையில் உப்பளக் கூலிக்காரி என்று இருந்தது செல்லக்கனி ஒருத்திதான். மற்றவர்கள் அளமும் தோட்டமும் கப்பலும் உள்ளவர்கள். ஏழைகளுக்கும் ஓர் இடம் இருக்கட்டும் என்று அவளைக் கொண்டுவந்து உட்கார வைத்ததே அவளுடைய முதலாளிதான்.

தலைவர் அன்றைய பிரிவை வாசித்தார்: இன்று யார் கையில் எந்த நிலம் இருக்கிறதோ, அது என்றைக்கும் அவருக்கே. முதலாளியின் அளங்களெல்லாம் ஊர்ப் பொதுவாய்க் கிடந்த கடற்கரை. செல்லக்கனி கல்யாணமாகி வந்த பிறகுதான் அவர் வேலி போட்டார். அதைச் சொல்ல எழுந்து கையைத் தூக்கினாள். அளத்தில் கணக்கப்பிள்ளையிடம் பேச வேண்டுமானால் அப்படித்தான் நிற்க வேண்டும். அவர் திரும்பிப் பார்க்கும்வரை வாயைத் திறக்கக் கூடாது. கையை இறக்கிவிட்டால் சொல்ல ஒன்றுமில்லை என்று போய்விடுவார்.

"ஆதரிக்கிறவங்க கை தூக்குங்க" என்றார் தலைவர்.

சபை முழுக்கக் கைகள் எழுந்தன. அவளுடையது ஏற்கெனவே மேலே இருந்தது.

"ஒரு கைகூடக் குறையல. ஏகமனதா நிறைவேறியாச்சு!"

கைதட்டலில் கூரை அதிர்ந்தது. முதலாளி பின்னால் திரும்பி, "பாத்தீங்களா, எங்க செல்லக்கனியே தூக்கிட்டா" என்று பூரித்தார். படம் பிடிப்பவர் ஓடிவந்தார்.

"நான் பேசணும்யா" என்றாள் அவரிடம்.

"பேசலாம்மா. கையை மட்டும் இறக்கிடாதீங்க."

அவள் இறக்கவில்லை. தலைவர் இன்னும் அவள் பக்கம் திரும்பவில்லை.