ஆள் வராங்க

நேர்முகத் தேர்வுக்குப் போய்க்கொண்டிருந்தவள் டிராமில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். துறைமுக நிறுத்தத்தில் மீன்காரம்மா ஒருத்தி ஈரக் கூடையோடு ஏறி, பக்கத்து இருக்கையைப் பார்த்தாள். ஜன்னலோரம் இருந்தவள் தன் புது உடையைப் பார்த்துவிட்டு, கைப்பையை அந்த இருக்கையில் வைத்தாள்.

"ஆள் வராங்க."

"வரட்டும்மா. நின்னா கால் என்ன தேஞ்சா போயிடும்?" என்றாள் மீன்காரம்மா.

அடுத்த நிறுத்தத்தில் கதவுகள் திறந்தன. யாரும் ஏறவில்லை. அவளுக்கு முகம் சுட்டது. மீன்காரம்மா மட்டும் கூடையை நகர்த்தி வழிவிட்டாள்.

"பையை எடும்மா. அதான் வந்துட்டாங்கள்ல."

குத்திக்காட்டுகிறாள் என்று நினைத்து, அவள் தலை நிமிராமல் பையை எடுத்தாள்.

"நீங்களே உக்காருங்கம்மா."

"நல்லா இருக்கே! அவங்க மடியிலயா?"

பிறகு நிறையப் பேர் ஏறினார்கள். எல்லோரும் நின்றுகொண்டே வந்தார்கள்.

"ஏய், ஆன்ட்டி காலை மிதிக்காதே," என்று ஒருவர் மகளை இழுத்தார்.

"சாரி ஆன்ட்டி," என்றது குழந்தை, காலி இருக்கையிடம்.

அவள் இறங்க வேண்டிய நிறுத்தம் வந்தது. அந்த இருக்கையைத் தாண்டித்தான் வெளியே போக வேண்டும். அவள் எழுந்து நின்றாள். எல்லோரும் அவளைப் பார்த்தார்கள்.

"கொஞ்சம் வழி விடுறீங்களா?" என்று இருக்கையிடம் மெல்லக் கேட்டாள்.

"பாவம், அசந்து தூங்குறாங்க," என்றாள் மீன்காரம்மா, குரலைத் தாழ்த்தி. "எழுப்பிடாதேம்மா."

கதவுகள் மூடின. தேர்வு நடக்கும் கட்டடம் ஜன்னலில் வந்து, கடந்து போனது. அவள் உட்கார்ந்து, பக்கத்தில் இடித்துவிடாதபடி முழங்கால்களை ஒடுக்கிக்கொண்டாள்.