நூறு கிராம் ஆசாமிகள்

"மனுஷ ஜாதியில ரெண்டே வகைதாங்க. அஞ்சு கிலோவா வாங்குறவன், நூறு கிராமா வாங்குறவன். உலகம் ஓடுறதே முதல் வகையாலதான்" என்று லிஃப்ட் மெக்கானிக் பறவைத் தீனிக் கடையில் நின்று அறிவித்தார். சுற்றியிருந்த மூட்டைகள் எதுவும் ஆட்சேபிக்கவில்லை.

அறிவிக்கிற தகுதி அவருக்கு முழுமையாக இருந்தது. ஊரிலுள்ள லிஃப்டுகளையெல்லாம் ஓடவைக்கும் அவர், தான் குடியிருக்கும் கட்டடத்தின் லிஃப்ட் எட்டு மாதமாக நின்றுகிடந்தும் நம்பிக்கை இழக்காதவர்.

இரண்டாவது வகைக்கு உதாரணமாக அவர் பக்கத்திலேயே நின்றிருந்தார் தையல்காரர். அடுத்த வீட்டுக்காரர், தனிக்கட்டை. ஆறு மாதம் ஆஸ்பத்திரியில் கிடந்து பாதி உடம்பாகத் திரும்பி வந்தவர்.

வந்த நாள் முதல் பற்பசையோ போன் ரீசார்ஜோ, எதையும் அவர் இருப்பதிலேயே சின்ன அளவில்தான் வாங்கினார். பால்கனிக்கு வரும் குருவிகளுக்குத் தினைகூட தினம் நூறு கிராம்தான். இதனால் மெக்கானிக் அவருக்கு 'அரை மீட்டர்' என்று பெயர் வைத்திருந்தார்.

சாயங்காலமானால் இருவரும் நான்கு மாடி இறங்கி இந்தக் கடைக்கு வருவார்கள். வாங்கிப் போய்ப் பால்கனியில் தூவினால் குருவிகள் வரும், அவற்றை மிரட்டிக்கொண்டு ஓர் அணிலும் வரும். தையல்காரர் குருவிக் கட்சி, மெக்கானிக் அணில் கட்சி. தையல் மிஷின் மேல் டீ ஆறிப்போகும்வரை வாய்ச்சண்டை நடக்கும்.

"நூறு கிராம் வாங்குறவனுக்கு நாளைக்கு மேல நம்பிக்கையே கிடையாதுங்க" என்று மெக்கானிக் கடைக்காரரிடம் தொடர்ந்தார். "இந்த ஆளைப் பாருங்க. நாம போய்ச் சேந்துட்டா மிச்சத்தை யாரு திங்கிறதுன்னு கவலை."

"யோவ், ஒரு தும்மல் வந்தா மூணு வீட்டுக்குக் கேக்குற மாதிரி ஐயோங்கிற ஆளு நீ. நீ என்னைப் பேசுறியா?" என்றார் தையல்காரர்.

கடைக்காரர் சிரித்துக்கொண்டே தினைக் கரண்டியை எடுத்தார். "வழக்கம்போல நூறுதானே சார்?"

"இல்லண்ணே. அஞ்சு கிலோ போடுங்க."

கரண்டி அந்தரத்தில் நின்றது. மெக்கானிக்கின் வாயும் சத்தமில்லாமல் திறந்தபடி நின்றது. அது அந்தத் தெருவில் யாரும் கண்டிராத காட்சி.

"என்னய்யா சொன்னே?"

"அஞ்சு கிலோ. காது அடைச்சுக்கிச்சா?"

அன்று காலைதான் தையல்காரர் பரிசோதனைக்குப் போய் வந்திருந்தார். மெக்கானிக்கால் துணைக்குப் போக முடியவில்லை. எங்கோ ஒரு லிஃப்டுக்குள் ஒரு மாமியாரும் மருமகளும் சேர்ந்து மாட்டிக்கொண்டதால், அது உயிர்காக்கும் பணியாகிவிட்டது.

"அப்ப டாக்டர் ஏதோ சேதி சொல்லியிருக்காரு! படி இறங்கும்போது பூரா வாயைத் தைச்சுக்கிட்டு வந்தியேய்யா. என்ன சொன்னாரு?"

"மாத்திரையெல்லாம் நிறுத்தச் சொல்லிட்டாரு."

"பதினாலையுமா?"

"பதினாலையும்."

மெக்கானிக் அவரைக் கட்டிக்கொண்டார். சட்டைக்குள் ஆள் எங்கே இருக்கிறார் என்று கொஞ்சம் தேட வேண்டியிருந்தது.

"பாத்தீங்களாண்ணே! வழிக்கு வந்துட்டாரு! இன்னியோட அரை மீட்டர் கிடையாது. இனிமே இவரு முழுப் பீஸு!" என்று கடைக்காரரின் தோளிலும் ஓங்கி ஒன்று வைத்தார்.

கடைக்காரர் தோளைத் தடவிக்கொண்டே அளந்து போட்டு, மூட்டையின் வாயைக் கட்டினார்.

"வண்டு வைக்காம எவ்வளவு நாள் இருக்கும்ண்ணே?" என்று கேட்டார் தையல்காரர்.

"காத்துப் புகாம மூடி வச்சா ஆறு மாசத்துக்குக் கவலையில்ல சார்."

"தீந்தா அடுத்து பத்து கிலோவா வாங்குவோம்யா!" என்றார் மெக்கானிக். "குருவிக்குத் தொப்பை போடணும். பறக்க முடியாம படியேறி வரணும். லிஃப்டும் இல்ல பாரு."

தையல்காரர் வாய்விட்டுச் சிரித்தார். சிரிப்பு இருமலாகி, இருமல் அடங்கக் கொஞ்ச நேரம் பிடித்தது.

"மூட்டையை நீங்க தூக்க வேணாம் சார்" என்றார் கடைக்காரர். "கடையைச் சாத்திட்டு நானே கொண்டாந்து போட்டுடுறேன். நாலாவது மாடி, வலது பக்கக் கதவுதானே?"

"அது என்னோடது. இடது பக்கம் இறக்கிடுங்கண்ணே. இவரு வீட்டுல."

மெக்கானிக்குக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "சந்தோஷத்துல மூளை குழம்பிடுச்சா? குருவி உன் பால்கனிக்குத்தானேய்யா வருது?"

"ரெண்டும் பக்கத்துப் பக்கத்துலதானே. நாலு நாள்ல பழகிக்கும்." தையல்காரர் மூட்டையின் முடிச்சு இறுகியிருக்கிறதா என்று இழுத்துப் பார்த்தார். "புறா வந்தா மட்டும் விரட்டிடு. குருவிங்க பயப்படும்."

மெக்கானிக்கின் சிரிப்பு இரண்டு மாடிகளுக்கு நடுவே மாட்டிக்கொண்ட லிஃப்ட் மாதிரி நின்றது. டாக்டர்கள் பதினான்கு மாத்திரைகளையும் ஒரே நாளில் வேறு எதற்காக நிறுத்துவார்கள் என்று அப்போதுதான் அவருக்கு உறைத்தது.

தையல்காரர் தெருப்பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்ப இடது பக்கமே போட்டுடட்டுமா சார்?" என்றார் கடைக்காரர்.

மெக்கானிக் மூட்டையை இரண்டு கைகளாலும் பிடித்து, கடைக்காரர் பக்கமாகவே தள்ளிவிட்டார். அந்தத் தெருவில் யாருமே கேட்டிராத ஒரு சின்னக் குரலில் சொன்னார்:

"நூறு கிராம் போதும்ண்ணே. நாளைக்கு ரெண்டு பேரும் வருவோம்."