பெற வேண்டியவர் இறந்துவிட்டார்

பினாங்குக் கோட்டைக் கொடிமரத்தில் தபால் கப்பல் வந்ததைச் சொல்லும் கொடி ஏறி மூன்று மணி நேரம் ஆகியிருந்தது.

கதிர்காமநாதன் வாசலில் நின்றான். நின்றான் என்பதுகூடச் சரியில்லை. படலைக் கதவுக்கு நாலு எட்டு, திரும்ப நாலு எட்டு.

மேற்படிப்புக்கு லண்டன் கல்லூரி ஒன்றுக்கு விண்ணப்பம் போட்டது தை மாதத்தில். போக ஒரு மாதம். அவர்கள் யோசிக்க ஒரு மாதம். பதில் வர ஒரு மாதம். எப்படிக் கூட்டிப் பார்த்தாலும் சித்திரையில் கடிதம் வந்திருக்க வேண்டும்.

இது ஆனி.

ஒரு நோட்டில் வந்த கப்பல்களின் பெயரையும் நாளையும் எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரே ‘இல்லை’ என்று எழுதி வைத்திருந்தான். பதினோரு ‘இல்லை’. எல்லாம் ஒரே அளவில், ஒன்றின் கீழ் ஒன்றாக.

மனம் பதறும்போதெல்லாம் விண்ணப்பத்தின் நகலை எடுத்துப் பிழை தேடுவான். ‘குடும்பப் பெயர்’ என்ற கட்டத்தில்தான் பேனா கொஞ்சம் தயங்கியிருந்தது. தமிழனுக்கு ஏது குடும்பப் பெயர்? அப்பாவின் பெயரை முழுதாக எழுதியிருந்தான். அடுத்த கட்டத்தில் தன் நீளப் பெயர் அடங்கவில்லை. முதல் எழுத்தோடு நிறுத்திக்கொண்டான்.

பிழை ஒன்றும் இல்லை. எத்தனை தடவை பார்த்தாலும் இல்லை.

அப்பா மாசியில் இறந்துபோனார்.

துறைமுக அலுவலகத்தில் தலைமைக் குமாஸ்தா. வீட்டுக்கு வந்தால் ரோஜாப் பைத்தியம். பினாங்குப் புழுக்கத்தில் அந்தச் செடிகள் பூத்ததைவிடக் கருகியதே அதிகம். ஆனாலும் லண்டன் நாற்றுப்பண்ணைக்காரர்கள் அத்தனை பேரும் அவருக்குக் கடிதம் எழுதுவார்கள். அவர் இறந்த செய்தி அவர்களுக்கு எப்படித் தெரியும்? எழுதிக்கொண்டே இருந்தார்கள்.

முதல் கடிதத்தை மட்டும் கதிர்காமநாதன் பிரித்தான். ‘இந்த முறை எப்படிப் பூத்தன என்று அவசியம் எழுதுங்கள்’ என்று முடிந்திருந்தது. அன்று நாள் முழுக்க வீட்டின் பின்புறம் அப்பாவின் பூவாளி நகரும் சத்தம் கேட்டது. தகரம் சிமெண்டில் உரசும் சத்தம். போய்ப் பார்த்தால் பூவாளி மூலையில், வைத்த இடத்தில் இருந்தது.

அதன்பிறகு பிரிப்பதில்லை. உறையில் அப்பாவின் பெயரைக் கண்டதுமே கை சிவப்பு மைக்குப் போய்விடும். ‘பெற வேண்டியவர் இறந்துவிட்டார். அனுப்பியவருக்கே திருப்புக.’ ஆங்கிலத்தில், குண்டு குண்டான எழுத்தில் எழுதி, தபால்காரரின் கையிலேயே கொடுத்துவிடுவான். அனுப்பியது யாரென்று பார்ப்பதில்லை. பார்த்தால் சத்தம் தொடங்கிவிடும்.

மணியடித்துக்கொண்டு தபால்காரர் அப்துல் ஹமீது சைக்கிளை நிறுத்தினார்.

“தம்பி, இன்னைக்கும் உங்களுக்கு இல்ல. அப்பாவுக்குத்தான். லண்டன்காரனுக்கு அவர விட மனசே வரமாட்டேங்குதே லா!”

கதிர்காமநாதன் சிவப்புப் பேனாவோடுதான் நின்றிருந்தான். ஆனால் உறையின் மேல் இப்படி இருந்தது: ‘மறைந்த திரு. கே. தியாகராஜாவின் குடும்பத்தாருக்கு.’

இதை எப்படித் திருப்புவது? குடும்பத்தார் என்றால் அவனும் அம்மாவும்தான்.

அம்மா தவமணி ஈரக் கையைச் சேலையில் துடைத்தபடி வந்து படியில் உட்கார்ந்தார். அவருக்கு ஆங்கிலம் தெரியாது.

“வாசி தம்பி, கேப்பம். ஆரோ ஒருத்தராவது துக்கம் கேட்டு எழுதியிருக்கினமே.”

பிரித்ததும் உள்ளேயிருந்து இன்னொரு உறை நழுவி அவர் மடியில் விழுந்தது. கதிர்காமநாதன் ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொன்னான்.

“‘திரு. தியாகராஜா காலமான செய்தி அறிந்து மிகவும் வருந்துகிறோம்.’”

அம்மா மூக்கை உறிஞ்சினார்.

“‘இத்தனை இளம் வயதில்...’”

அவன் நிறுத்திவிட்டான்.

“இளம் வயசோ? அம்பத்தெட்டல்லோ அந்த மனிசனுக்கு!” அழுகையின் நடுவே அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “வெள்ளைக்காரனுக்கு அது இளசாக்கும்.”

மீதியை அவன் வாய்க்குள் படித்தான். தாளின் தலையில் கல்லூரியின் முத்திரை இருந்தது. அவருக்கு ஒதுக்கிய இடத்தை வரிசையில் அடுத்திருந்தவருக்கு வழங்கிவிட்டதாகக் கடைசி வரி சொன்னது.

“என்னவாம் தம்பி?”

“அவருக்கு அங்கை ஒரு இடம் வைச்சிருந்தவையாம், அம்மா.”

“போய்ச் சேர்ந்த மனிசனுக்கு லண்டனிலை என்ன இடம்?”

அம்மா மடியில் கிடந்த உறையை எடுத்து நீட்டினார். ஒட்டியது பிரியாமல் அப்படியே இருந்தது. முகப்பில் ‘திரு. கே. தியாகராஜா’ என்று தட்டச்சில்.

கே என்றால் கதிர்காமர். அப்பாவின் அப்பா. அந்தப் பெயரைத்தான் பேரனுக்கும் வைத்தார்கள்.

பெயருக்குக் குறுக்கே சிவப்பு மையில் அவனுடைய குண்டு குண்டான எழுத்து. அவசரமில்லாத கை. ஒரு சொட்டுக்கூடச் சிந்தியிருக்கவில்லை.

வீட்டின் பின்புறம் தகரம் சிமெண்டில் உரசியது.

அம்மா முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்தார்.

“செத்த மனிசனுக்கு எல்லாம் ஒழுங்காய் வந்து சேருது. உன்ரை கடிதத்தைத்தான் இன்னும் காணேல்லை.”