ஐந்து மணி வைரஸ்

"வந்துடுச்சு பாரு, மறுபடியும் வந்துடுச்சு! நீ எதையாவது அமுக்கித் தொலைக்காம இருந்தா இப்படி வருமா?"

அப்பா போட்ட சத்தத்தில், ஊரிலிருந்து வந்து அப்போதுதான் கண்ணயர்ந்த மகள் எழுந்து ஓடி வந்தாள்.

கம்ப்யூட்டர் திரை முழுக்க ஒரே சிவப்பு. நடுவில் கொட்டை எழுத்தில், 'வைரஸ் தாக்குதல்! ஒரு மணி நேரம் கம்ப்யூட்டரைத் தொடாதீர்கள்!' என்று இருந்தது. மவுஸை எப்படி உருட்டினாலும் ஒன்றும் அசையவில்லை.

"செஸ்ல அவனோட ராணியைத் தூக்கற நேரம்மா! எல்லாம் உங்கம்மா பண்ற கைங்கரியம்."

சமையலறை வாசலில் நின்ற அம்மா, "தெரியாம கை பட்டிருக்கும்ங்க" என்றாள்.

"தெரியலேன்னா தொடாதே! முப்பது வருஷம் ஃபேக்டரி கண்ட்ரோல் ரூம்ல இருந்தவன் வீட்டுல தினம் வைரஸ்னா வெளியில தலைகாட்ட முடியுமா?"

அப்படிச் சொன்னவர் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியில்தான் கிளம்பினார். "இங்க உக்காந்து சுவத்தைப் பார்க்கறதுக்கு நடந்துட்டாவது வரேன்."

கேட் சாத்தப்படும் வரை காத்திருந்த மகளுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"தினமும் இப்படித் திட்டு வாங்கறியாம்மா?"

"தினமும் இல்லடி. சாயங்காலம் அஞ்சு மணிக்கு மட்டும்தான்."

"நாள் முழுக்க அதுல உக்காந்து ஆடறது அவரு. வைரஸை வீட்டுக்குள்ள விட்டதும் அவராத்தான் இருக்கும். பழி மட்டும் உன் தலையில. நீயும் பூம்பூம் மாடு மாதிரி தலையாட்டிக்கிட்டு நிக்கற!"

"விடுடி. ஆறு மணிக்கு அதுவே போயிடும்."

"எப்படி விடறது? பென்ஷன் வர்ற பேங்க் பாஸ்வேர்டெல்லாம் இதுலதானே இருக்கு? காசு கொடுத்து ஆன்டிவைரஸ் போட்டிருக்கோம், அது வாயே திறக்கல. எவனோ உள்ள புகுந்து உக்காந்திருக்கான்!"

அம்மா வேண்டாம் வேண்டாம் என்று சொல்லச் சொல்ல, அடுத்த தெருவில் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை வைத்திருப்பவரை மகள் போன் போட்டு வரவழைத்துவிட்டாள்.

வந்தவர் தன் பென் டிரைவைச் செருகி, பூட்டிய திரையைத் தாண்டி வேறு வழியாக உள்ளே போனார். முழுசாக ஒரு சோதனை ஓட்டினார். 'ஆபத்து எதுவும் இல்லை' என்று வந்தது. தலையைச் சொறிந்துகொண்டார். மறுபடி எதையோ குடைந்தார். பிறகு அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது.

"மேடம், இது வைரஸே கிடையாது. இதே கம்ப்யூட்டர்ல உக்காந்து யாரோ எழுதின குட்டி புரோகிராம். அஞ்சு மணிக்குத் திரையைப் பூட்டும், ஆறு மணிக்குத் திறந்துவிடும். வேற எதையும் திருடல, எங்கேயும் அனுப்பல. அழிச்சிடட்டுமா?"

"ஐயையோ, வேண்டாம்!"

அம்மா போட்ட கூச்சலில் இரண்டு பேருமே திரும்பிப் பார்த்தார்கள்.

"நான்தான் எழுதினேன்" என்றாள் அம்மா. குரல்தான் தாழ்ந்திருந்தது, தலை நிமிர்ந்தே இருந்தது.

"நீயா? மெயில் அனுப்பறதுக்கே எனக்கு நாலு தடவை போன் பண்ணுவியே!"

"அது போன வருஷம். இப்ப லைப்ரரில வாரத்துக்கு ரெண்டு நாள் சொல்லித் தர்றாங்க, போய்க் கத்துக்கிட்டேன்."

"அதுக்காக அப்பாவையே பூட்டி வைப்பியா?"

"பூட்டி வைக்கலடி, வெளியில அனுப்பறேன். அவருக்கு சர்க்கரை முந்நூறைத் தாண்டிடுச்சு. பாதம் மரத்துப்போக ஆரம்பிச்சிருக்கு, தினம் ஒரு மணி நேரம் நடக்கலேன்னா காலுக்கே ஆபத்துன்னு டாக்டர் சொல்லிட்டார். நான் கூப்பிட்டா, 'இந்த ஆட்டம் முடியட்டும்'பார். அந்த ஆட்டம் என்னிக்கு முடிஞ்சிருக்கு? நான் சொன்னா கேட்க மாட்டார், மெஷின் சொன்னா கேட்பார். அதான், மெஷினைச் சொல்ல வெச்சேன். போன வாரம் பார்த்தப்ப நூத்தி அறுபது."

மகளுக்குப் பெருமை தாங்கவில்லை. ஓடிப்போய் அம்மாவைக் கட்டிக்கொண்டாள்.

"இது மட்டும் அவருக்குத் தெரிஞ்சுது, அவ்வளவுதான். வீம்புக்குன்னே ஒரு அடி எடுத்து வைக்க மாட்டார். தம்பி, நீங்களும் மூச்சு விடக் கூடாது" என்றாள் அம்மா.

தம்பி காதில் அது விழுந்ததாகத் தெரியவில்லை. புரோகிராமை மேலும் கீழும் நகர்த்திப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அம்மா, இது எத்தனை நாள் ஓடணும்னு போட்டீங்க?"

"முப்பது நாள். வகுப்புல அப்படித்தான் சொல்லிக் கொடுத்தாங்க. ஆனா நாலு மாசமாச்சு, அது பாட்டுக்கு ஓடிக்கிட்டிருக்கு. எனக்கும்தான் புரியல. நல்லதுக்குத்தானேன்னு விட்டுட்டேன்."

"தானா ஓடலம்மா. முப்பது நாளோட நின்னு போச்சு. மறுநாள் காலையில யாரோ இதைத் திறந்து, கடைசித் தேதியையே தூக்கிட்டிருக்காங்க. இப்ப இது எத்தனை வருஷம் வேணும்னாலும் ஓடும்."

"யாரோன்னா? இந்த வீட்டுல நாங்க ரெண்டே பேர்தானே!"

அவர் எழுத்தைப் பெரிதாக்கி, திரையை அம்மா பக்கம் திருப்பினார்.

அம்மா எழுதியதற்கு மேலே, அவள் எழுதாத ஒரு வரி இருந்தது.

'இதை எழுதியவர் என் மனைவி. யாரும் கை வைக்கக் கூடாது.'