வருகை ஓலை

கடற்கரையில் அணு உலை கட்டும் முன், நண்டுகளிடம் கருத்துக் கேட்க அரசாங்கம் ஒரு நாரையை அனுப்பியது.

"வந்தவர்களெல்லாம் முதலில் இந்த ஓலையில் கால் பதியுங்கள்" என்றது நாரை. பதித்துவிட்டு, பொழுது சாயும்வரை "வேண்டாம்" என்று முழங்கின நண்டுகள். இத்தனை பேரும் சம்மதம் என்று ஓலையைக் கொண்டுபோய்க் காட்டியது நாரை. உலை எழுந்தது. வழிமறித்துப் படுத்த நண்டு ஒன்றுக்குக் கொடுக்கு போனது.

பல வருடம் கழித்து, இரண்டாம் உலைக்காக அதே நாரை வந்தது. மறுபடி ஏமாறக் கூடாதென்று நண்டுகள் வளையைவிட்டு வரவில்லை. ஒற்றைக் கொடுக்குக் கிழ நண்டு மட்டும் வந்தது.

"என்ன பெருசு, எதிர்ப்பே இல்லை என்று எழுதிக்கொள்ளட்டுமா?"

"நான் இருக்கிறேனே. அந்தப் பழைய ஓலையை எடு."

நாரை சிரித்துக்கொண்டே விரித்தது. கிழ நண்டு தடங்களை ஒவ்வொன்றாகத் தடவியது.

"இது என் பெண்டாட்டி. வேண்டாம் என்றாள், எழுது. இது பாறையிடுக்கு மாசானம். வாயே திறக்காதவன், அன்றைக்கு அவன்தான் முதலில் கத்தினான். எழுது."

"செத்தவர்களை எப்படியய்யா எழுதுவது?"

"அன்றைக்கு உயிரோடுதானே வந்தார்கள்? அடுத்தது என் தம்பி. எழுது."