தளை தட்டுகிறது

"தளை தட்டுது பூபாலன். அடுத்த மாசம் திருத்திக் கொண்டு வாங்க."

சீரும் சீரும் சேரும் கட்டு பிசகுகிறது என்று லட்சுமணன் சார் சொல்லிவிட்டால் கொரட்டூர் வெண்பா வட்டத்தில் மறுபேச்சு கிடையாது. அவர் 'சரி' என்றால்தான் அங்கே எந்தப் பாட்டும் அரங்கேறும்.

பூபாலன் தலையாட்டிவிட்டு உட்கார்ந்தார். ஆவடி குவார்ட்டர்ஸில் தனியாக இருப்பவர். ஒரே மகன் ரோஹித்தை பூந்தமல்லி சாலையில் லாரி அடித்துப் போட்டதிலிருந்து, இந்த இரண்டு அடியைத்தான் மாற்றி மாற்றி எழுதுகிறார்.

கண்ணுக்குள் வைத்தவனைக் காட்டுக்குத் தந்தபின்னும்
உண்ணத்தான் கேட்கும் உடல்.

"இன்னா மனுசன்மா இவரு! புள்ளைய பறிகொடுத்தவர்கிட்ட தளை பாத்துகினு கீறாரு," என்று வித்யாவின் காதருகே முணுமுணுத்தார் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அமல்ராஜ்.

வித்யாவுக்கும் பற்றிக்கொண்டு வந்தது. ஐ.டி. வேலைக்கு நடுவே ஆசையாக யாப்பு படிக்க வந்தவள். பெரிய புலவர் என்றால் நெஞ்சில் ஈரமே இருக்கக் கூடாதா?

வீட்டுக்குப் போனதும் பாட்டைச் சீர் சீராகப் பிரித்து அலகிட்டுப் பார்த்தாள். எங்கேயும் தளை தட்டவில்லை. எதுகையும் மோனையும் கச்சிதமாக விழுந்திருந்தன. ஆக, மனுஷர் வேண்டுமென்றேதான் வதைக்கிறார்!

மறுநாள் காலையில் லட்சுமணன் வீட்டு வாசலில் போய் நின்றாள்.

"எந்த இடத்துல தட்டுதுன்னு காட்டுங்க சார்."

"எங்கயும் தட்டலைம்மா. அப்படி ஒரு பாட்டு எனக்கு இந்த ஜென்மத்துல வராது."

"அப்புறம் ஏன் சார் அவரைப் போட்டு இந்தப் பாடு படுத்தறீங்க?"

லட்சுமணன் குரலைத் தாழ்த்தினார்.

"மகனுக்குப் பிழையில்லாம ஒரு வெண்பா எழுதிட்டா போதும், அதோட நானும் அவன்கிட்ட போயிடுவேன்னு என்கிட்ட தனியா சொன்னாரும்மா. டாக்டர்கிட்ட கூப்பிட்டுப் பார்த்தேன், கையெடுத்துக் கும்பிட்டுட்டாரு. எனக்குத் தெரிஞ்ச வைத்தியம் இது ஒண்ணுதான். மாசாமாசம் ஒரு தப்பைச் சொல்லி அனுப்பறேன். திருத்தறதுக்காவது உசுரோட இருப்பாரில்ல?"

வித்யா கையிலிருந்த போனைப் பார்த்தாள்.

"சார்... வர்ற வழியில அவருக்கு போன் பண்ணிட்டேன். பாட்டுல ஒரு தப்பும் இல்லை, முழுசா முடிஞ்சிடுச்சுன்னு..."

லட்சுமணன் செருப்பைக்கூடத் தேடாமல் தெருவில் இறங்கினார்.

"என்னம்மா சொன்னாரு?"

"'ரொம்ப நிம்மதியா இருக்கும்மா'ன்னு சொன்னாரு சார்."