புது மிஸ் கேட்டால்

மகனின் பத்தாம் வகுப்புப் புத்தகங்களுக்கு அட்டை போட்டுக்கொண்டிருந்தேன். மடிப்பு கோணினால் அவனுக்குப் பிடிக்காது. நாளை பள்ளி திறக்கிறது, பெற்றோரையும் அழைத்திருக்கிறார்கள்.

"உன் கண்ணு ஏன் வீங்கியிருக்குன்னு புது மிஸ் கேட்டா?" என்றான்.

"மாடிப்படியில விழுந்துட்டேன்னு சொல்றேன்."

"போன வருஷமும் படிதான? பாத்ரூம்ல வழுக்கிடுச்சுன்னு சொல்லு. உளறிக்கொட்டி மானத்த வாங்காத."

"சரிப்பா."

வீட்டு மானத்தைக் காப்பதில் அவன் அப்படியே அப்பாதான்.

"வீட்டுக்காரர் அடிப்பாரான்னு குடைஞ்சா?"

"அவர் செத்து ரெண்டு வருஷமாச்சுன்னு சொல்லிடறேன்" என்றேன்.

அவன் முகம் மாறியது. "அத மட்டும் சொல்லாத. அப்புறம் வீட்ல வேற யாரு இருக்காங்கன்னு கேப்பாங்க."

அவன் கையை ஓங்கும் முன்பே என் கண்கள் தாமாக மூடிக்கொண்டன.